1912-இன் கார்லைல் அணி: தோர்ப் ஒருவர் மட்டும்தானா?

வாசகர் கேள்வி, 9 நவம்பர் 2025, மாலை 6.10

1912-ஆம் ஆண்டு இதே நாளில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பூர்வகுடிப் பிள்ளைகளுக்காக நடந்த கார்லைல் பள்ளியின் அமெரிக்கக் கால்பந்து அணி, வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியை 27–6 என்று தோற்கடித்ததாக ஒரு குறிப்பில் படித்தேன். அந்த அணி என்றாலே ஜிம் தோர்ப்தான், மற்ற பத்துப் பேரும் அவருக்கு வழிவிட்டு நின்றவர்கள் என்பதே நான் இதுவரை கேள்விப்பட்டது. அது சரியா? ஒரே பருவத்தில் 504 புள்ளிகள் எடுத்த அணி ஏன் அவ்வாண்டின் சாம்பியனாகக் கருதப்படவில்லை?

9 நவம்பர் 2025, இரவு 9.35

சரியில்லை. பதினான்கு ஆட்டங்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தவர்கள் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

கார்லைல் அந்தப் பருவத்தில் 12 ஆட்டங்களில் வென்றது, ஒன்றில் தோற்றது, ஒன்றைச் சமன் செய்தது. எடுத்த புள்ளிகள் 504, கொடுத்தவை 114. தோர்ப் அந்த ஆண்டு கோடையில் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் பென்டத்லான், டெகத்லான் இரண்டிலும் தங்கம் வென்று திரும்பியவர், அணித்தலைவரும் அவரே. பருவம் முழுவதற்கும் அவருக்கு 25 டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொண்டுசேர்ப்பது), 198 புள்ளி என்பது பரவலாக எடுத்தாளப்படும் கணக்கு. அந்தக் கணக்கை அப்படியே ஏற்றாலும் மீதி 306 புள்ளிகளை மற்றவர்கள்தான் எடுத்திருக்க வேண்டும். ஆட்டத்தை நடத்திய குவார்ட்டர்பேக் கஸ் வெல்ச், பின்வரிசையில் தோர்ப்புக்கு மறுபக்கம் நின்று ஓடிய ஹாஃப்பேக் அலெக்ஸ் அர்காசா, முன்வரிசையில் டேக்கிளாக நின்ற ஜோ கையன், நடுவிலிருந்து பந்தைப் பின்னுக்குக் கொடுத்த ஜோ பெர்ஜி ஆகியோரை ஒதுக்கிவிட்டால் தோர்ப் ஓடுவதற்குச் சந்தே கிடைத்திருக்காது.

சாம்பியன் பட்டத்துக்கு வருகிறேன். அந்தக் காலத்தில் இறுதிப் போட்டி என்ற ஏற்பாடே கிடையாது. பட்டியல்கள் பெரும்பாலும் பிற்காலத்தில் போடப்பட்டவை. அவ்வாண்டு ஹார்வர்டு 9–0 என்றும் பென் ஸ்டேட் 8–0 என்றும் தோல்வியே இல்லாமல் முடித்தன. கார்லைல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்திடம் ஒருமுறை தோற்றுவிட்டது. காரணம் அவ்வளவுதான்.

10 நவம்பர் 2025, காலை 6.50

அட்டவணையை மீண்டும் எடுத்துப் பார்த்தபோது, நேற்று நான் சொல்லாமல் விட்டதுதான் முக்கியமானது என்று தோன்றியது.

செப்டம்பர் 21-இல் ஆல்பிரைட் கல்லூரி, 25-இல் லெபனான் வேலி, 28-இல் உள்ளூர்க்காரர்களான டிக்கின்சன், அக்டோபர் 2-இல் வில்லனோவா, 5-இல் வாஷிங்டன் அண்ட் ஜெஃபர்சன். பதினைந்தே நாளில் ஐந்து ஆட்டங்கள். முதல் நான்கிலும் சேர்த்து 194 புள்ளிகள் எடுத்தவர்கள் ஐந்தாவதில் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை, 0–0. கம்பங்களுக்கு இடையே பந்தை உதைத்து எடுக்கும் ஃபீல்டு கோலுக்குத் தோர்ப் செய்த முயற்சிகளும் பலிக்கவில்லை. இந்தச் சமனைப் பற்றி எழுதுகிறவர்கள் அதை ஒரு புதிர் போல எழுதுகிறார்கள். அன்றைய விதிப்படி ஓர் ஆட்டக்காரர் தாக்குதல், தற்காப்பு இரண்டிலும் களத்தில் நிற்க வேண்டும் என்பதையும், வெளியே போனவர் நினைத்தபோதெல்லாம் திரும்பி வர முடியாது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு அதில் புதிர் எதுவும் தெரியவில்லை. கால்கள் ஓய்ந்திருந்தன.

அக்டோபர் 26 சனிக்கிழமை வாஷிங்டன் நகரில் ஜார்ஜ்டவுனை 34–20 என்று வென்றார்கள். திங்கட்கிழமை கனடாவின் டொராண்டோவில் இருந்தார்கள். இடையில் இருந்தது ஒரு ஞாயிறும் ஒரு நீண்ட ரயில் பயணமும்தான். அங்கே முதல் பாதியை அமெரிக்க விதிப்படியும் இரண்டாம் பாதியைக் கனடிய விதிப்படியும் ஆடினார்கள், முடிவு 49–1. அமெரிக்க ஆட்டத்தில் தனியாக ஒரு புள்ளி எடுக்கவே வழியில்லை என்பதால் அந்த '1' பிழை என்று சிலர் நினைக்கக்கூடும். உதைத்த பந்தை எதிரணி தன் எல்லைக்குள் இருந்து வெளியே கொண்டுவர முடியாமல் போனால், உதைத்த அணிக்கு ஒரு புள்ளி தருவது கனடிய விதி. அப்படி வந்த ஒன்று அது.

10 நவம்பர் 2025, இரவு 10.20

மற்றொரு நண்பர், 1911-இல் கார்லைல் ஹார்வர்டை 18–15 என்று வென்றபோது தோர்ப் நான்கு ஃபீல்டு கோல்கள் அடித்தார், ஒரு டச்டவுனும் வந்தது, அப்படியானால் 12-உம் 6-உம் 18, டச்டவுனுக்குப் பிந்தைய உதை தவறியிருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார். கூட்டல் சரி, விதி மாறுகிறது. 1911-இல் டச்டவுனுக்கு 5 புள்ளிதான். ஆகவே 12, 5, அதன்பின் உதைக்கு 1 என்று பதினெட்டு வருகிறது. உதை தவறவில்லை. அந்த ஆண்டு அணியின் குழுப்படத்தில் நடுவே ஒரு பந்து வைக்கப்பட்டிருக்கிறது. இந்தியர்கள் (அமெரிக்கப் பூர்வகுடிகளை அப்போது அப்படித்தான் அழைத்தார்கள்) 18, ஹார்வர்டு 15 என்று அதன்மேல் வெள்ளை எழுத்தில் எழுதியிருக்கிறார்கள். ஒரு பருவத்தில் அவர்கள் பந்தில் எழுதிவைக்க விரும்பிய ஆட்டம் எது என்பது அதிலிருந்தே தெரிகிறது.

1912-இல்தான் டச்டவுனுக்கு 6 புள்ளி ஆயிற்று. பத்து யார்டு முன்னேறுவதற்கு அதுவரை மூன்று முயற்சிகள். அந்த ஆண்டிலிருந்து நான்கு. களத்தின் நீளம் 110 யார்டிலிருந்து 100 ஆகக் குறைந்தது, இரு முனைகளிலும் எல்லைக்கோட்டுக்கு அப்பால் எண்ட் சோன் என்ற பத்து யார்டு பகுதி வந்தது, முன்னோக்கி எறியும் பந்து 20 யார்டுக்கு மேல் போகக்கூடாது என்ற தடை நீங்கியது. இன்று தொலைக்காட்சியில் நாம் பார்க்கும் ஆட்டத்தின் எலும்புக்கூடு அந்த ஓராண்டில் முழுமை பெற்றது என்றே சொல்லலாம்.

இந்த மாற்றங்களுக்கு வேர் 1905-இல் இருக்கிறது. கைகோத்து ஒரே கும்பலாக எதிரணியின் ஓரிடத்தில் மோதுவதே அப்போது ஆட்டமாக இருந்தது. இளைஞர்கள் களத்திலேயே இறந்தார்கள். அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேச வேண்டிய நிலை வந்தது. மறு ஆண்டு முன்னோக்கி எறிதல் சட்டபூர்வமானது. பெரிய கல்லூரிகள் அதைத் தயக்கத்தோடு தொட்டபோது, எடை குறைந்த, வேகம் மிகுந்த ஆட்டக்காரர்களைக் கொண்ட கார்லைல் அதை ஆயுதமாகவே எடுத்துக்கொண்டது. 1907-இல் அவர்கள் பென்சில்வேனியாவை 26–6 என்றும் ஹார்வர்டை 23–15 என்றும் வென்றதற்குப் பின்னால் அந்த எறிதல் இருக்கிறது. ஐந்தாண்டு கழித்து விதிகளே அவர்கள் ஆட்டத்தின் பக்கம் நகர்ந்து வந்தன.

11 நவம்பர் 2025, இரவு 8.15

இனி வெஸ்ட் பாயின்ட் ஆட்டம். ஹட்சன் ஆற்றங்கரையில், ராணுவக் கல்லூரியின் சொந்தக் களத்தில் நடந்தது. இடைவேளையின்போது 7–6. ஒற்றைப் புள்ளிதான் வித்தியாசம். அதுவரை கையனோடு நேருக்கு நேர் மோதித் தோற்றுக்கொண்டிருந்த ராணுவ அணித்தலைவர் லேலண்ட் டெவோர் இரண்டாம் பாதித் தொடக்கத்தில் கையன்மேல் பாய்ந்து, நடுவரால் வெளியேற்றப்பட்டார். அதன்பின் ராணுவ அணி ஒரு புள்ளியும் எடுக்கவில்லை. தோர்ப் ராணுவ வரிசையைப் பிளந்துகொண்டு ஓடி டச்டவுன்களாக அடித்துக் குவித்தார்.

பயிற்சியாளர் பாப் வார்னர் அன்றைக்கென்று ஓர் அமைப்பை வைத்திருந்தார். பின்வரிசையில் இருக்கும் ஹாஃப்பேக்குகளை இரு பக்கமும் முன்வரிசை ஓரத்துக்கு நகர்த்தி நிறுத்துவது அது. பந்து யார் கைக்குப் போகும், ஓடப்போகிறார்களா எறியப்போகிறார்களா என்று எதிரணி முடிவு செய்வதற்குள் ஆட்டம் பத்து யார்டு நகர்ந்திருக்கும். பிற்காலத்தில் இரட்டைச் சிறகு என்று பெயர் பெற்ற அமைப்புக்கு இதுவே தொடக்கம்.

எதிரே நின்ற ராணுவ மாணவர்களில் ஒருவர் டுவைட் ஐசனோவர். அடுத்த வாரம் டஃப்ட்ஸ் கல்லூரியுடனான ஆட்டத்தில் முழங்கால் போய், அத்துடன் அவர் ஆட்ட வாழ்க்கை முடிந்தது. நாட்டின் அதிபராக இருந்து ஓய்வு பெற்ற பிறகும் தோர்ப்பைப் போல் ஒருவரைக் கண்டதில்லை என்று அவர் பேசியிருக்கிறார்.

11 நவம்பர் 2025, இரவு 11.40

மேலே எழுதியதில் ஒரு வாக்கியத்தைத் திரும்பப் பெறுகிறேன். தோர்ப் டச்டவுன்களை அடித்துக் குவித்தார் என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். அன்று மூன்று டச்டவுன்களை அடித்தவர் அர்காசா. தோர்ப் எல்லைவரை ஓடிய ஓர் ஓட்டம், அவர் அணியின் விதிமீறலால் செல்லாமல் போயிற்று. அவர் ஓட்டங்கள் ராணுவ அணியைக் கலைத்தன, எல்லோர் கண்களையும் தன் பக்கம் இழுத்தன என்பது உண்மை. அந்தக் கண்கள் விலகிய பக்கத்தில்தான் அர்காசா ஓடினார். கேள்வி கேட்ட நண்பரைத் திருத்தப் புறப்பட்ட நானே மூன்றாம் நாள் அதே தவற்றைச் செய்திருக்கிறேன் என்றால், அந்தக் கதை நம் எல்லோருக்குள்ளும் எவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கிறது என்று பாருங்கள்.

15 நவம்பர் 2025, மாலை 7.05

நான் இருக்கும் ஊரிலிருந்து கார்லைல் அரைமணி நேர ஓட்டம். இந்த இழை மனத்தில் ஓடிக்கொண்டிருந்ததால் இன்று பிற்பகல் மகளை அழைத்துக்கொண்டு பள்ளியின் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்வந்தேன்.

சாலை ஓரத்திலேயே இருக்கிறது. தாழ்ந்த வேலி, வரிசை வரிசையாக ராணுவக் கல்லறைகளில் நடுவது போன்ற வெள்ளைக் கற்கள். பெரியவர்களின் கல்லறைக் கற்கள் என்று முதலில் நினைத்த மகள், படித்துப் பார்த்துவிட்டு, இவர்கள் எல்லாரும் பிள்ளைகளா அப்பா என்று கேட்டாள். கற்களின் தலையில் யார் யாரோ வைத்துவிட்டுப் போன சில்லறைக் காசுகள், மிட்டாய், ஒரு சிறிய பொம்மைக் கார். ஒரு கல்லில் பெயர் இல்லை. 'அறியப்படாதவர்' என்று மட்டும் இருந்தது. அப்படிப்பட்ட கற்கள் வேறு சிலவும் உண்டு. அந்தக் கல்லின் மேல் ஈர இலை ஒன்று ஒட்டிக்கொண்டிருந்ததை மகள் எடுத்துப் போட்டாள்.

ரிச்சர்டு ஹென்றி பிராட் என்ற ராணுவ அதிகாரி 1879-இல் ஒரு பழைய படைமுகாமில் தொடங்கிய பள்ளி இது. 140-க்கும் மேற்பட்ட பூர்வகுடி இனங்களைச் சேர்ந்த பிள்ளைகளை ஆயிரக்கணக்கில் இங்கே கொண்டுவந்தார்கள். வந்த அன்றே தலைமுடியை வெட்டினார்கள், தாய்மொழி பேசத் தடை விதித்தார்கள், புதுப் பெயர் வைத்தார்கள். காசநோயிலும் பிற நோய்களிலும் இறந்தவர்கள் இங்கேயே புதைக்கப்பட்டார்கள். 2017-இலிருந்து சில பிள்ளைகளின் எச்சங்களை அவரவர் இனத்தார் ஊருக்கு எடுத்துச் செல்கிறார்கள். கால்பந்துக் குறிப்புகளுக்கு நடுவே இதை ஏன் எழுதுகிறாய் என்று யாரும் கேட்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். அந்தக் களத்தில் பயிற்சி எடுத்தவர்கள் இந்தப் பள்ளியின் உணவுக் கூடத்தில்தான் சாப்பிட்டார்கள், இதன் விடுதியில்தான் தூங்கினார்கள்.

16 நவம்பர் 2025, இரவு 9.00

இன்று தோல்வியின் நாள். 1912 நவம்பர் 16, பிலடெல்பியா, பென்சில்வேனியா 34, கார்லைல் 26. வெஸ்ட் பாயின்ட் வெற்றிக்குச் சரியாக ஒரு வாரம் கழித்து. கைக்கு எட்டாது என்று தோர்ப் விட்டுவிட்ட ஒரு நீண்ட எறிதலை எதிரணிக்காரர் ஓடிப் பிடித்து டச்டவுன் ஆக்கினார் என்று வார்னர் தரப்பில் சொல்லப்பட்டு வந்திருக்கிறது. 34 புள்ளிகள் ஒரே பந்தில் வந்துவிடாது. அணி வென்றால் தோர்ப், தோற்றாலும் தோர்ப் என்று எழுதும் வழக்கம் எனக்கு ஒப்பவில்லை. மற்றவர்களைக் காணாமல் போகச்செய்யும் அதே பழக்கத்தின் மறுபக்கம்தான் இது.

கார்லைல் கல்லூரியே இல்லையே, பிறகு கல்லூரி அணிகளோடு எப்படி ஆடியது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. அது தொழிற்கல்வியும் தொடக்க, இடைநிலைப் பாடங்களும் தந்த உறைவிடப் பள்ளி. ஆனால் மாணவர்களில் பலர் இருபது வயதைத் தாண்டியவர்கள். 1887-இல் பிறந்த தோர்ப்புக்கு அந்தப் பருவத்தில் 25 வயது. எதிரணிகள் இதை அவ்வப்போது முணுமுணுத்தன. முணுமுணுத்த கல்லூரிகளே கார்லைலை ஆண்டுதோறும் அழைத்தன. அந்த அணி வந்தால் அரங்கம் நிறையும், நுழைவுச் சீட்டுப் பணம் குவியும். பெரிய ஆட்டங்கள் ஏறக்குறைய அனைத்தும் வெளியூரில் நடந்ததற்கும், மேலே நான் எழுதிய ஓய்வில்லாத அட்டவணைக்கும் காரணம் அந்தப் பணம்தான்.

22 நவம்பர் 2025, காலை 11.30

வெஸ்ட் பாயின்ட் ஆட்டத்தைப் பழிதீர்த்தல் என்று சொல்லலாமா என்று இருவர் விவாதித்திருக்கிறீர்கள். உங்கள் தந்தையரோடு போரிட்டவர்களின் பிள்ளைகள் எதிரே நிற்கிறார்கள் என்று வார்னர் ஆட்டத்துக்கு முன் சொன்னதாக ஒரு கதை வழங்குகிறது. 1890 டிசம்பரில் ராணுவம் லகோட்டா பூர்வகுடிகளைக் கொன்று குவித்த வூண்டட் நீ படுகொலை நடந்து அப்போது 22 ஆண்டுகள்கூட ஆகியிருக்கவில்லை.

இந்தக் கதை மேல் எனக்கு நெடுநாளாக ஒரு மனத்தாங்கல் உண்டு. ஆட்டத்தைத் திறமையால் வென்றவர்களை, கோபத்தால் வென்றவர்களாக அது மாற்றிவிடுகிறது. இரட்டைச் சிறகு அமைப்பில் பதினோரு பேரும் ஒரே நொடியில் சரியான திசையில் அடியெடுத்து வைக்க வேண்டும். அதற்குப் பல வாரப் பயிற்சியும் நிதானமும் வேண்டும், கோபம் அதைக் கெடுக்கத்தான் செய்யும். அன்று நிதானம் இழந்து வெளியேற்றப்பட்டவர் ராணுவ அணித்தலைவர் என்பதையும் மறக்கக்கூடாது.

ஆனால் போன வாரம் கல்லறைத் தோட்டத்தில் நின்றபிறகு அவ்வளவு உறுதியாக அதைச் சொல்ல முடியவில்லை. பள்ளி ராணுவ முகாமில் இருந்தது, பிராட் ராணுவத்தார், பிள்ளைகள் சீருடை அணிந்து அணிவகுத்தார்கள். 1918-இல் பள்ளி மூடப்பட்டபோது இடம் ராணுவத்திடமே திரும்பிப் போயிற்று. இன்று ராணுவத்தின் போர்க் கல்லூரி அங்கேதான் இருக்கிறது. அந்த மாணவர்கள் வெஸ்ட் பாயின்டில் சீருடைகளைப் பார்த்தபோது ஒன்றும் நினைக்காமல் இருந்திருப்பார்கள் என்று சொல்ல நான் யார்? வார்னர் சொல்லித்தான் அவர்களுக்கு அது நினைவுக்கு வந்தது என்ற பகுதியை மட்டும் என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை.

28 நவம்பர் 2025, இரவு 10.10

பணத்தைப் பற்றித் தொட்டுவிட்டுப் போனேன், அதை முடித்துவிடுகிறேன்.

சீட்டுப் பணம் பள்ளியின் விளையாட்டு நிதிக்குப் போனது. அந்த நிதியின்மேல் வார்னருக்குப் பெரிய அதிகாரம் இருந்தது. அவர் குடியிருந்த வீடும் அதிலிருந்து கட்டப்பட்டதுதான். மாணவர்கள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருநூறுக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட மனு போயிற்று, 1914-இல் நாடாளுமன்றக் கூட்டுக்குழு பள்ளிக்கு வந்து விசாரித்தது. மனுவுக்கு முன்னின்றவர், விசாரணையில் வார்னருக்கு எதிராகச் சாட்சி சொன்னவர், நான் முதல் நாள் பெயர் சொன்ன குவார்ட்டர்பேக் கஸ் வெல்ச். ஒஜிப்வே என்ற பூர்வகுடி இனத்து இளைஞர் ஒருவர், தன்னை நாடறியச் செய்த பயிற்சியாளரின் வாய்ப்பேச்சையும் நடத்தையையும் நிதிக் கணக்கையும் குறித்து நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு முன்னால் பேசினார். பள்ளியின் கண்காணிப்பாளர் மோசஸ் ஃபிரீட்மன் பதவியை இழந்தார். வார்னர் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்குப் போய் அங்கும் வெற்றிகளைக் குவித்தார். வெல்ச் கார்லைல் ஊரிலேயே உள்ள டிக்கின்சன் சட்டப் பள்ளியில் படித்தவர்; பின்னாளில் வாஷிங்டன் மாநிலக் கல்லூரி அணிக்குப் பயிற்சியாளராகவும் இருந்தார்.

என் மகன் சிறுவனாக இருந்தபோது இரண்டு பருவம் ஆடிய சிறுவர் கால்பந்து அமைப்புக்கு வார்னரின் பெயர்தான். அவன் சட்டையின் மார்பில் அந்தப் பெயரைத் தைத்தபோது, நல்ல பயிற்சியாளர் ஒருவரின் பெயர் என்பதற்கு மேல் நான் எதுவும் யோசித்ததில்லை. அவர் ஆட்டத்தைப் புதிதாகச் செய்தவர் என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. அவர் அமைப்புகளைக் களத்தில் சரிபார்த்துக் கொடுத்தவர்கள் கார்லைல் மாணவர்கள் என்பதையும் அன்றே மகனுக்குச் சொல்லியிருக்க வேண்டும். நேற்று விடுமுறைக்கு வீடு வந்தவனிடம் சொன்னேன்.

29 நவம்பர் 2025, காலை 8.20

பதக்கம் பறிக்கப்பட்டதைப் பற்றிக் கேட்டவருக்கு. 1913 ஜனவரியில் வூஸ்டர் நாளிதழ் ஒன்று, தோர்ப் முன்பு வட கரோலினாவில் பணம் பெற்றுக்கொண்டு பேஸ்பால் ஆடியதை வெளியிட்டது. கோடையில் அப்படி ஆடிய கல்லூரி மாணவர்கள் பலர் பொய்ப் பெயரில் ஆடினார்கள். தோர்ப் தன் சொந்தப் பெயரில் ஆடினார். பதக்கங்கள் பறிக்கப்பட்டன. போட்டி முடிந்த 30 நாளுக்குள் புகார் வர வேண்டும் என்ற விதி அப்போதே இருந்தது. அதை யாரும் பொருட்படுத்தவில்லை. அவர் 1953-இல் இறந்தார். 1982-இல் இணை வெற்றியாளராகவும் 2022-இல்தான் ஒரே வெற்றியாளராகவும் பெயர் மீட்கப்பட்டது.

29 நவம்பர் 2025, இரவு 9.50

1912-இன் கடைசி ஆட்டம் நன்றி கூறும் நாளான நவம்பர் 28-இல், பிரௌன் பல்கலைக்கழகத்துக்கு எதிராக, 32–0. கார்லைல் சட்டையில் தோர்ப் ஆடிய கடைசி ஆட்டமும் அதுவே.

முதல் நாள் குறிப்பைத் திரும்பப் படித்தபோது ஒரு விடுதல் தெரிந்தது. பின்வரிசை நால்வரில் வெல்ச், தோர்ப், அர்காசா மூவரைச் சொன்ன நான் நான்காமவரைச் சொல்லவில்லை. ஃபுல்பேக்காக ஆடியவர் ஸ்டான்சில் பவல், வட கரோலினாவைச் சேர்ந்த செரோக்கி இனத்தவர். தோர்ப்புக்கு முன்னால் போய் மோதிச் சந்து உண்டாக்கியவர்களில் அவரும் ஒருவர்.